ஏனாதியின் முதற்கவளம்

“இதச் சோறுங்கறீங்களா, இல்ல எருக்குழிக்கு இலை போட்டுப் பரிமாறறீங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க, நான் பேசாம உக்காந்துக்கறேன்.”

இவ்வாறு கேட்டவன் வேற்படையின் முன்வரிசை வீரனான வயிரன். கேட்ட இடம், மணற்பாடிக் கோட்டையின் மேலை வாயிலுக்கு உட்புறம் இருந்த அடிசிற்சாலை முற்றம். கேட்கப்பட்டவர் அந்தச் சாலையின் தலைவரான பூவனார். நாற்பது ஆண்டுகளாகப் படைவீரர்க்குச் சோறாக்கி, அந்த ஆவியிலேயே தலைமயிர் வெளுத்தவர். அவர் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் வயிரன் தன் வாழையிலையை இரு கையாலும் ஏந்திவந்து, சோற்றோடு அவர் காலடியில் கவிழ்த்துவிட்டான். அவனுக்குப் பின்னால் முந்நூறு பேர் எழுந்து நின்றார்கள். முந்நூறு இலைகள் தொடப்படாமல் கிடந்தன.

அன்பார்ந்த வாசகர்களே, சண்டை மூண்ட இடத்தில் நின்றுகொண்டு ஆற்றையும் நிலவையும் வேடிக்கை பார்ப்பது பண்பாகாது என்பது நமக்குத் தெரியும். ஆயினும் அந்த மாலைப்பொழுது அப்படிப்பட்டது. ஐப்பசி அடைமழை ஓய்ந்து பதினைந்து நாள்களே ஆகியிருந்தபடியால், ஆன்பொருநை ஆறு இரு கரையையும் அணைத்துக்கொண்டு செம்மண் நிறத்தில் புரண்டோடிற்று. கீழ்வானில் எழுந்த வளர்பிறை நிலவு அந்தச் செந்நீரின்மீது வெள்ளியை உருக்கி ஊற்றிற்று. நாணற்புதர்களில் கொக்குகள் ஒற்றைக்காலில் உறங்கத் தொடங்கின. இத்தனை அழகுக்கும் அப்பால், ஆற்றின் வடகரையில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை பகைவரின் பாசறைத் தீக்கள் வரிசை வரிசையாய் எரிந்தன. வடகரை வேள் என்னும் சிற்றரசன் தன் படையோடு அங்கே வந்து இறங்கி ஒரு மாதம் ஆயிற்று. ஆறு வடிந்தால் கடப்பான். கடந்தால் முதலில் மேலை வாயிலில் மோதுவான். மேலை வாயிலைக் காத்து நின்றவர்கள் இப்போது இலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த இந்த முந்நூறு வேல்வீரர்களேதான்.

வயிற்றுவலியோடு வேல் பிடிக்க முடியாது என்பதுதான் அவர்களுடைய வழக்கு. பத்து நாள்களாகச் சோற்றில் பூசண நாற்றம். பார்வைக்குச் சோறு சற்றே மங்கியிருந்தது, அவ்வளவுதான்; ஆனால் விரலில் ஒட்டினால் கழுவினாலும் கசப்புப் போகவில்லை. பாதிப்பேர் காவல்மாடத்தில் நின்ற நேரத்தைவிட மறைவிடத்தில் குந்தியிருந்த நேரமே அதிகம். யானைக்கொட்டிலில் யானைக்கு உருட்டும் கவளம் மல்லிகைபோல் வெளுத்திருக்கிறதென்றும், தங்களைவிட யானை மேலென்றால் மதிலையும் யானையே காக்கட்டுமென்றும் ஒருவன் சொன்னான். அரிசியைப் பூவனார் எதிரிக்கு விற்றுவிட்டார் என்றான் இன்னொருவன். பூவனார் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன பதில் ஒன்றே ஒன்று.

“ஏனாதி உண்டு ‘நன்று’ என்றாரே அப்பா! அதற்குமேல் நான் யார் சொல்ல?”

இந்தப் பதிலின் கனம் விளங்க வேண்டுமானால் மணற்பாடியின் வழக்கத்தைச் சற்றே சொல்லியாக வேண்டும். அங்கே படைச்சோறு ஆக்குகிறவர்கள் வெட்டிவேர் ஊறிய ஈரத்துணியால் வாயையும் மூக்கையும் இறுகக் கட்டிக்கொண்டுதான் அடுப்பின்முன் நிற்பார்கள். மூச்சுப் பட்டால் சோறு தீட்டு. உப்புப் பார்த்தால் எச்சில். முதல் நாவு கோட்டைத் தலைவருடையதாகவே இருக்க வேண்டும். ஏனாதி என்னும் பட்டம் தரித்த அந்தத் தலைவர், வேளைக்கு ஒருமுறை முற்றத்துக்கு வந்து, பொதுப்பானையிலிருந்து வெள்ளி வட்டிலில் எடுத்த சோற்றில் ஒரு கவளம் உண்டு, எல்லோரும் கேட்க ‘நன்று’ என்பார். அதன்பிறகே இலையில் சோறு விழும். அவர் நன்று என்றபின் அந்தச் சோற்றைப் பழிப்பவன் அவரைப் பழித்தவன் ஆவான். ஆகவே ஆக்குகிறவர் சுவை பாரார். உண்கிறவர் குறை சொல்லார். நடுவில் ஒரே ஒரு நாக்கு. கோட்டை கட்டிய முன்னோர்கள் நல்ல எண்ணத்தில்தான் இதை ஏற்படுத்தினார்கள். நாமாக இருந்தால் இரண்டு நாக்காவது வைத்திருப்போம். ஆனால் நம்மை யார் கேட்டார்கள்?

கூச்சல் மிகுந்தவேளையில் ஏனாதி சேந்தன் முற்றத்துக்குள் வந்தார். இருபத்தெட்டு வயது, அகன்ற மார்பு, இடப்புருவத்தை வெட்டிச்சென்ற ஒரு பழைய வாள்தழும்பு, அழகைக் கெடுக்காமல் கூட்டிய தழும்பு. கோட்டைக்குள் இருந்த கன்னிப்பெண்கள் தண்ணீர் மொள்ள எந்தத் துறைக்குப் போனால் அவர் குதிரை எதிர்ப்படும் என்று கணக்குப் பார்த்ததை நாம் நேரிலேயே கண்டிருக்கிறோம். அவருக்கு ஓரடி பின்னால், வெண்பட்டுப் போர்த்து, கையில் ஓலைச்சுவடியுடன் மருத்துவர் தாமோதரர் வந்தார். கோட்டையின் நோயாளிகளுக்கெல்லாம் தெய்வம். சுக்கில் தேன் குழைத்தாற்போன்ற குரல்.

வயிரன் தழைந்து வணங்கினான். வணங்கியபடியே, சோறு கெட்டதென்பதை மட்டும் விடாமல் சொன்னான். ஏனாதி ஒரு கணம் கவிழ்ந்த இலையைப் பார்த்தார். அப்போது அவர் முகம் வெளுத்ததைப் பலரும் கோபமென்று எண்ணினார்கள். நாம் அப்படி எண்ணவில்லை. கோபம் வந்தவர் கண் எதிரே இருப்பவனைப் பார்க்கும். இவர் கண் தரையைப் பார்த்தது.

முதலில் பேசியவர் தாமோதரர்.

“ஏனாதி உண்ட கவளத்தில் குற்றமில்லை. வீரர் உண்டதில் குற்றமிருக்கிறது. இரண்டும் உண்மையாயின், இடையில் பானை மாறியிருத்தல் வேண்டும். பானைக்குப் பொறுப்பாளர் யார் என்பதை யான் சொல்ல வேண்டியதில்லை.”

முந்நூறு தலைகளும் பூவனார் பக்கம் திரும்பின. படைச்சோற்றில் வஞ்சம் செய்தவனுக்கு மணற்பாடியில் ஒரே தண்டனைதான்: அகப்பை பிடித்த வலக்கையை மணிக்கட்டோடு எடுத்துவிடுவது. அந்தக் கையைக் கேட்டார்கள் வீரர்கள். கிடைக்காவிட்டால் மறுநாள் மாலையே வேல்களை மதிலடியில் சாத்திவிட்டுத் தத்தம் ஊருக்கு நடப்பதாகவும் சொன்னார்கள். ஏனாதி, மறுநாள் மாலை முதற்கவளம் உண்டபின் தீர்ப்புச் சொல்வதாக வாக்களித்தார்.

சாலையின் தூண்மறைவில் நின்று இதையெல்லாம் கேட்டாள் ஒருத்தி. பூவனாரின் ஒரே மகள் கொற்றி.

கொற்றியைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். கரிய மேனி, கூரிய மூக்கு, அதைவிடக் கூரிய பேச்சு. வெள்ளி வட்டிலில் சோறு எடுத்து ஏனாதியின் முன் நீட்டும் உரிமை, சாலைத் தலைவரின் மகளென்ற முறையில் அவளுடையது. ஏனாதி சேந்தன் இந்தக் கோட்டைக்கு வந்து ஆறு மாதங்கள். வேளைதோறும் அவள் கையிலிருந்து கவளம் எடுத்து, வேளைதோறும் ‘நன்று’ என்றார். அது சடங்குச் சொல்தான் என்பது ஊருக்கே தெரியும். கொற்றிக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு பெண் ஓர் ஆண்வாயிலிருந்து நாளுக்கு மூன்றுமுறை அந்தச் சொல்லைக் கேட்டால், எத்தனை நாள்தான் அதைச் சடங்கென்றே வைத்துக்கொண்டிருப்பாள்? அந்த ஒற்றைச் சொல்லின்மேல் அவள் மாடமாளிகையே எழுப்பியிருந்தாள்.

மறுநாள் பொழுது புலர்ந்ததும் அந்த மாளிகை இடிந்தது. தந்தை சோர்ந்து சுருண்டிருந்த வேளையில் கொற்றி அடிசிற்சாலைக்குள் போனாள். காலைச்சோறு அப்போதுதான் வடித்திறக்கப்பட்டிருந்தது. அவள் தன் முகத்தில் கட்டியிருந்த வெட்டிவேர்த் துணியை அவிழ்த்தாள். அவள் குலத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. அடுப்படியில் நின்ற பணிப்பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். நாற்றம் குப்பென்று அடித்தது. ஒரு பருக்கையை எடுத்து நாவில் வைத்தாள். வைத்த வேகத்தில் துப்பினாள்.

பானை மாறவில்லை. சோறு பானையிலேயே கெட்டிருந்தது. அப்படியானால் ஏனாதி பத்து நாள்களாக இதையே உண்டுவிட்டு, முந்நூறு பேர் முன்னால் நன்று, நன்று என்று சொல்லியிருக்கிறார்.

அவள் தந்தையிடம் ஓடி, நெல் எங்கிருந்து வந்ததென்று கேட்டாள். பூவனார் மென்று விழுங்கிச் சொன்னார். அடைமழையில் மூன்றாம் நிலவறைக்குள் ஆற்றுவெள்ளம் புகுந்து நெல் ஊறிவிட்டதாம். அதை ஆற்றிலேயே கொட்டிவிடலாமென்று அவர் சொன்னபோது, மருத்துவர் தாமோதரர் வந்து கையிலள்ளி முகர்ந்து, வெயிலில் உலர்த்தினால் குற்றமில்லையென்றும், நல்ல நெல்லை முற்றுகைக் காலத்துக்கு மீத்து வைக்கலாமென்றும் ஓலை எழுதிக் கொடுத்தாராம். துணிக்குள்ளிருந்த தன் மூக்குக்கு ஏதோ நாற்றம் தட்டியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார் பூவனார்.

“ஆனா ஏனாதியே நன்றுன்னுட்டார், கண்ணு. அவரு நாக்கைவிட என்ற மூக்குப் பெரிசா? எனக்குத்தான் வயசாயிப்போச்சுன்னு நெனச்சேன்.”

கொற்றியின் மனம் வேறொரு கணக்கைப் போட்டது. மருத்துவர் தவறிழைத்திருக்கலாம், மனிதருக்கு மூக்கடைப்பு வரும். ஆனால் நாவில் வைத்தவர் தவற வழியில்லை. மேலை வாயில் வீரர்கள் மெலிந்து கலைந்தால் ஆதாயம் யாருக்கு? வடகரை வேளுக்கு. கெட்டதை நன்றென்று சொல்லி அவர்களை மெலிவித்தவர் யார்? கோட்டைத் தலைவரே. எதிரியோடு உறவு வைத்திருப்பவர் அழகிய தழும்போடுகூட இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவளுக்கு அப்போதுதான் உதித்தது. நமக்கு முதல்நாளே உதித்துவிட்டது என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

அவள் ஒரு பொறி வைத்தாள். கொல்லைப்புற வேம்பிலிருந்து ஒரு பிடி கொழுந்தைப் பறித்து அரைத்து, சாறு பிழிந்து, நடுப்பகல் வெள்ளி வட்டிலில் எடுத்த சோற்றில் மட்டும் குழைத்தாள். உப்புக்கல் மூன்றையும் நொறுக்கிப் போட்டாள். நுனிவிரலால் தொட்டுத் தன் நாவில் வைத்துப் பார்த்தபோது கண்ணில் நீர் கொட்டிற்று. ஏனாதி துப்பினால் அவருக்கு நாக்கு இருக்கிறது. பத்து நாளும் பொய்தான் சொல்லியிருக்கிறார் என்று அங்கேயே கேட்டுவிடலாம். துப்பாமல் விழுங்க முயன்றால் தொண்டை காட்டிக்கொடுக்கும். இரண்டில் எதுவானாலும் தந்தையின் கை தப்பும்.

நடுப்பகலில் முந்நூறு வீரர்களும் வெற்றிலையின் முன், அதாவது சோறில்லாத வெறும் வாழையிலையின் முன், பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார்கள். உண்ணப்போவதில்லை, பார்க்க மட்டும் வந்திருந்தார்கள். ஏனாதி வந்தார். கொற்றி வட்டிலை நீட்டினாள். அவர் கவளம் எடுத்தார். வாயிலிட்டார். அவள் இமைகூடத் தட்டாமல் அந்த முகத்தைப் பார்த்தாள்.

அவர் அவசரமில்லாமல் மென்றார். புருவம் சுருங்கவில்லை. தொண்டை இறுகவில்லை. கண் கலங்கவில்லை. விழுங்கிவிட்டு, அவள் பக்கம் சிறிதே தலைசாய்த்து, “நன்று” என்றார்.

வீரர்களிடையே ஒரு கனைப்பும் சில வசவுகளும் கேட்டன. பொய் சொல்கிறவரைக் கொற்றி பார்த்திருக்கிறாள்; நாம் எல்லோரும்தான் பார்த்திருக்கிறோம். இது பொய் சொல்கிறவர் முகமன்று.

உச்சிவெயில் சாயத் தொடங்கியபோது, மேலை மதிலின்மேல் ஏனாதி தனியே நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளம் ஒரு முழம் வடிந்திருந்தது. வடகரை நாணலுக்குள் புதிய பரிசல்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. படிக்கட்டில் சிலம்பொலி கேட்டுத் திரும்பினார். மதிலின்மேல் பெண்கள் ஏறலாகாது என்று ஒரு விதி உண்டு. அன்று காலையிலிருந்தே கொற்றி விதிகளை எண்ணுவதை விட்டுவிட்டாள்.

“ஏனாதியார் பொறுத்தருள வேண்டும். ஒன்று கேட்டுப் போக வந்தேன். நடுப்பகற் சோற்றில் நெய் வார்த்திருந்தேன். மணம் போதுமானதாக இருந்ததா?”

“மிகவும் நன்றாக இருந்தது.”

“நான் நெய் வார்க்கவில்லை. வேப்பங்கொழுந்தைப் பிழிந்து வார்த்தேன்.”

ஏனாதியின் கை தன்னையறியாமல் வாளின் பிடிக்குப் போயிற்று. பிறகு, அங்கே வெட்டத்தக்கது எதுவும் இல்லையென்று உணர்ந்ததுபோல், கீழே இறங்கிற்று. மதிலின் கைப்பிடிச் சுவரில் அவர் உட்கார்ந்தார்.

“எத்தனை நாளாக?” என்று கேட்டாள் கொற்றி.

நான்கு மாதங்களாக என்றார் அவர். ஆனித் திங்களில் தமக்கு விடாக்காய்ச்சல் வந்து பதினைந்து நாள் கிடந்தது அவள் அறியாததா? காய்ச்சலை எல்லோரும் அறிந்தார்கள்; எழுந்தபோது உலகத்தில் மணமும் சுவையும் இல்லாமற் போயிருந்ததை மறைத்துவிட்டார். பூவும் புழுதியும் ஒன்றாயின. பாலும் கஞ்சியும் வெந்நீராயின. முதற்கவளம் கொள்ளத் தகாதவன் படை நடத்தத் தகாதவன் என்பது கோட்டை வாயிலிற் கல்லில் வெட்டியிருக்கும் விதி. பகைவன் படை திரட்டுகிறான் என்று செய்தி வந்த காலத்தில் பட்டத்தை இழக்க மனமில்லை. ஒரு மாதத்தில் நா திரும்பிவிடும் என்று கேட்டதை நம்பிப் பொறுத்திருந்தார். நா திரும்பவில்லை. சோறு கெட்டது. நேற்று மாலை அந்த இலை கவிழ்ந்தபோதுதான் தாம் செய்தது இன்னதென்று விளங்கியதாகச் சொன்னார்.

கொற்றிக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் முதலில் வந்தது வேறு.

“அப்படியானால் நான்கு மாதமாக என்னிடம் சொன்ன நன்று எல்லாம்?”

ஏனாதி தலைநிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“அதற்கு முந்திய இரண்டு மாதம் உண்டேன் அல்லவா? அதன் நினைவில் இருந்துகொண்டுதான் இன்றுவரை உண்கிறேன்.”

அரசவைகளில் புலவர்கள் பொற்கிழி பெற்றுக்கொண்டு சொல்லும் புகழுரைகள் பலவற்றை நாம் ஒட்டுக்கேட்டிருக்கிறோம். இதற்கு நிகராக ஒன்றும் கேட்டதில்லை. கொற்றி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பியபடியே அவள் கேட்ட அடுத்த கேள்வி, அந்தக் கோட்டையையே காத்த கேள்வி.

“நா ஒரு மாதத்தில் திரும்பும் என்று தங்களிடம் சொன்னவர் யார்?”

“மருத்துவர்தாம். அவர் ஒருவருக்கே இது தெரியும். வெளியிடாமல் மறைக்கச் சொன்னவரும்...”

ஏனாதி வாக்கியத்தை முடிக்கவில்லை. ஊறிய நெல்லைச் சமைக்கலாமென்று ஓலை கொடுத்தவர் யாரென்பதைக் கொற்றி சொன்னாள். நேற்று பானை மாறியதென்று முதலில் சொன்னவர் யாரென்பதை அவர் சொன்னார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவரின் நா செத்ததென்று அறிந்த ஒரே மனிதர், அந்த நாவை மட்டுமே நம்பியிருந்த பானைக்குள் நஞ்சுக்கு நிகரானதை அனுப்பியிருக்கிறார். அவர் நோயாளிகளோடு பேசிய அந்தத் தேன்குரல் இப்போது வேறுவிதமாக நினைவுக்கு வந்தது.

ஆனால் இதை நிறுவுவது எப்படி? மருத்துவர் மேல் குற்றம் சாட்ட வேண்டுமானால், அவர் அறிந்திருந்த மறைபொருள் இன்னதென்று முதலில் எல்லோர் முன்னும் சொல்லியாக வேண்டும். சொன்ன கணமே ஏனாதி ஏனாதியாக இருக்கமாட்டார். சொல்லாவிட்டால் பூவனாருக்குக் கை இருக்காது.

“நான் போய்ச் சொன்னால் தந்தையின் கைக்காக மகள் கட்டிய கதை என்பார்கள்,” என்றாள் கொற்றி. “தாங்கள் சொன்னால்தான் உண்டு. சொல்லும்படி நான் கேட்கமாட்டேன். என் தந்தைக்கு வலக்கை ஒன்றுதான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.”

மாலை வந்தது. அடிசிற்சாலை முற்றத்தின் நடுவில் ஒரு புளியமரக்கட்டையும் பக்கத்தில் ஒரு வெட்டரிவாளும் வைக்கப்பட்டிருந்தன. பூவனார் குளித்து நீறு பூசி, புது ஆடை உடுத்தி வந்து நின்றார். நாற்பது ஆண்டு அகப்பை பிடித்த கையை இடக்கையால் மூடிக்கொண்டிருந்தார். வீரர்கள் வேல்களை மதிலடியில் சாத்துவதற்கு வசதியாக வரிசை பிடித்திருந்தார்கள். மருத்துவர் தாமோதரர் முற்றத்தின் வாயிலோரம் நின்று, பூவனாரின் கை துண்டானால் கட்டுவதற்குத் துணியும் மூலிகை எண்ணெயும் ஆயத்தமாக வைத்திருந்தார். அத்தனை அக்கறை.

ஏனாதி வந்தார். வட்டில் நீட்டப்பட்டது. கவளத்தை எடுத்து வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நின்று, அதை மீண்டும் வட்டிலில் வைத்தார்.

“வீரர்களே, இது நன்றா தீதா என்று எனக்குத் தெரியாது. நான்கு மாதங்களாகத் தெரியாது.”

காய்ச்சல் முதல் வேப்பங்கொழுந்து வரை ஒன்றும் விடாமல் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, தன்னைக் காத்துக்கொள்ளும் சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. சொல்லி முடித்ததும் இடையிலிருந்த வாளை உறையோடு கழற்றி அந்தப் புளியமரக்கட்டையின்மேல் வைத்தார். தண்டனைக்குரிய நா தம்முடையதென்றும், பூவனார்மேல் குற்றமில்லையென்றும், உயிருள்ளவரை இனித் தம் வீரர் உண்ட பிறகே, அவர்கள் உண்ட சோற்றையே தாம் உண்பதாக ஆணையிட்டுச் சொல்வதாகவும் கூறினார்.

வயிரன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான். வட்டிலிலிருந்த கவளத்தை எடுத்துத் தானே வாயில் போட்டு, முகம் கோணி, பக்கத்தில் துப்பினான்.

“நாத்தம் நாத்தந்தானுங்க. ஆனா இத்தன நாளும் நீங்க வேணும்னே எங்களக் கொல்றீங்கன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் கறுவிக்கிட்டுக் கெடந்தேன். இப்ப அந்தக் கோவத்த எங்க கொண்டுபோய் வெக்கறது?”

“அதற்குரியவர் ஒருவர் உண்டு,” என்றார் ஏனாதி. “என் நா செத்ததை அறிந்தவர் இந்தக் கோட்டையில் ஒருவரே. ஊறிய நெல்லைச் சமைக்கச் சொன்னவரும் அவரே.”

எல்லோரும் வாயிலோரம் திரும்பினார்கள். அங்கே துணியும் மூலிகை எண்ணெயும் இருந்தன. தாமோதரர் இல்லை. ஏனாதி ‘காய்ச்சல்’ என்று சொன்ன இடத்திலேயே அவர் புறப்பட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. மீதிக் கதை அவருக்குத் தெரிந்ததுதானே.

வயிரனும் இருபது பேரும் மதிலேறிப் பார்த்தபோது, அந்தி வெளிச்சத்தில் ஆற்றின் நடுவே ஒரு பரிசல் சுழன்று சுழன்று போய்க்கொண்டிருந்தது. எறிந்த வேல்கள் நீரில் வீழ்ந்தன. வெண்பட்டுப் போர்வையை ஆற்றில் எறிந்துவிட்டுத் துடுப்புப் போட்ட அந்த மனிதரின் தோள்வலியைக் கண்டால், மருந்தரைத்துத் திரண்ட தோளாகத் தோன்றவில்லை. வடகரையில் சங்கு முழங்கிற்று. வீரர்கள் முழங்காலளவு நீரில் இறங்கி வந்து அவரை வரவேற்றார்கள். ஒருவன் வெண்குடை பிடித்தான். வடகரை வேள் பாசறையிலிருந்து தானே இறங்கிவந்து, “தம்பி!” என்று இக்கரைக்கும் கேட்கக் கூவி, அவரை மார்போடு தழுவிக்கொண்டான். அப்போதுதான் இக்கரையில் இருந்தவர்களுக்கு விளங்கிற்று, இரண்டு ஆண்டுகளாகத் தங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேளின் உடன்பிறந்த தம்பி என்பது. கரையேறியதும் அவர் திரும்பி, மணற்பாடிக் கோட்டையை நோக்கிக் கைகூப்பினார். கேலியா, மரியாதையா என்பதில் கோட்டைக்குள் இன்றும் இரு கட்சி உண்டு.

அன்றே முதல் நிலவறையின் நல்ல நெல்லை எடுத்துக் குற்றிச் சோறாக்கினார்கள். யானைக்கொட்டிலிலிருந்தும் அரிசி வந்தது, யானைகள் ஆட்சேபிக்கவில்லை. பூவனார் அதே வலக்கையால் பரிமாறினார். பத்து நாள் பசியை முந்நூறு பேரும் ஓர் இருப்பில் தீர்த்துக்கொண்டதை எழுத நமக்கு ஏடு போதாது. ஐந்தாம் நாள் ஆறு வடிந்ததும் வேள் கடந்து வந்தான். மேலை வாயிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை எதிர்பார்த்து வந்தவன், வேல் பிடித்து நின்றவர்களைக் கண்டான். வந்த பரிசல்களில் பாதி திரும்பிப் போயின.

இனி நீங்கள் கேட்கத் தவித்துக்கொண்டிருப்பதைச் சொல்லிவிடுகிறோம்.

விதி விதிதான் என்று மன்னர் ஓலை அனுப்பிவிட்டார். சேந்தனின் ஏனாதிப் பட்டம் போயிற்று. ஆனால் அதே ஓலையில் ஆற்றுத்துறைக் காவலை அவருக்கே கொடுத்திருந்தார். புதிதாய் வந்த தலைவர் முதற்கவள வழக்கத்தை மாற்றி, வேளைக்கு ஒரு வீரன் சீட்டுக் குலுக்கி உண்ண வேண்டுமென்று செய்தார். சமைப்பவர்களின் முகத்துணியும் போயிற்று. வெட்டிவேர் விற்றுக்கொண்டிருந்த செட்டிச்சி ஒருத்தி பிழைப்புக் கெட்டதென்று ஊரெல்லாம் புலம்பித் திரிந்து, கடைசியில் வயிரனை மணந்துகொண்டாள். அவன் இப்போது வாயிலுக்குள் நுழையச் சற்றே பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருக்கிறது.

பூவனார் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, கருவூரில் இருந்த தம் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, இனி எவனாவது உண்டு நன்று என்றாலும் நம்பப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

தை பிறந்ததும் கொற்றிக்கும் சேந்தனுக்கும் ஆற்றுத்துறை மண்டபத்தில் மணம் நடந்தது. ஊர்ப்பெண்கள் பலநாள் இதைப் பற்றியே பேசினார்கள். இவ்வளவு கைமணம் உள்ளவள் சுவையே அறியாத ஒருவருக்குப் போய் வாழ்க்கைப்பட்டாளே என்று அங்கலாய்த்தவர்களுள், அவர் குதிரை வரும் துறைக்குத் தண்ணீர் மொள்ளப் போனவர்களே மிகுதி. நாம் அப்படி அங்கலாய்க்கவில்லை. அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போய்வந்தபின் நமக்கு இருப்பது வேறு குறை. கேட்பாரில்லாத காரணத்தால் கொற்றி உப்புப் போடுவதையே அநேகமாக மறந்துவிட்டாள். சேந்தனோ இலையிலிருந்து தலை நிமிராமல் வேளைக்கு வேளை நன்று, நன்று என்கிறார். அவள் ஒவ்வொரு முறையும் முகம் சிவக்கிறாள். நடுவில் உட்கார்ந்திருக்கிற நாம்தாம் அதை விழுங்கியாக வேண்டியிருக்கிறது.